வாணியின் மேசைக்குப் போகும் குழாய்

செப்டம்பர் 1, திங்கள்

காலையிலிருந்து தூறல். பட்டறை வாசலில் அடுக்கியிருந்த பலகைகள் நனைந்தன. உள்ளே இழுத்துப் போட்டதில் முதுகு பிடித்துக்கொண்டது.

பத்து மணிக்குக் குழாய் போடும் ஆள் வந்தார். பெயர் நேசன். புக்கிட் தெங்காவில் மரச்சாமான் தொழிற்சாலைகளுக்குத் தூசி உறிஞ்சும் குழாய் அமைப்பதுதான் தொழிலாம். வயது நாற்பத்தைந்து இருக்கும். சிலோன்காரக் குடும்பம். பட்டறைக்கு வர இஸ்திரி போட்ட சட்டை. பாலம் தாண்டி ஜெலுத்தோங் வந்து சேர்ந்த பிறகும் மடிப்புக் கலையவில்லை.

வாணிக்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம். என் மனைவிக்கு ஒரு வருடமாக இருமல். போன மாதம் டாக்டர் ஓர் ஊதுகுழாய் கொடுத்தார். காலையும் மாலையும் பலமாக ஊதி, முள் நிற்கும் எண்ணை அட்டையில் எழுத வேண்டும். மாதக் கடைசிக்குள் எண் ஏறாவிட்டால் மரத்தூசி பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் இருக்கும் அவள் தங்கை அதற்குள் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலைக்குச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

நாங்கள் செய்வது வீட்டுச் சாமி மேடைகள். வெட்டுவது, பூட்டுவது நான். தேய்த்து வழவழப்பாக்குவது வாணி. கோபுர விளிம்பை அவள் தேய்க்கிற மாதிரி தேய்க்க எனக்கு வராது, யாருக்கும் வராது. அவள் பிறைக்குப் போய்விட்டால் பட்டறை நடக்காது. அதைவிட, பகல் முழுவதும் நான் யாரோடு பேசுவேன்?

நேசன் என்னிடம் கேட்ட கேள்விகள் இரண்டு. மின்சாரம் எத்தனை பேஸ், கழிவறை எங்கே. வாணியிடம் பதினொன்று. எண்ணினேன்.

"எந்தக் கையால தேய்ப்பீங்க அக்கா?"

"இடது கைதான் அண்ணே."

"தூசி முகத்துக்கு வருதா, கீழ விழுதா?"

அவர் இவளை அக்கா என்கிறார், இவள் அவரை அண்ணே என்கிறாள். யார் மூத்தவர் என்று அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். வாணி இடக்கைக்காரி என்பது எனக்கும் தெரியும். தூசி எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்கத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

நான் போட்ட பழைய குழாய்களை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கீங்க அண்ணே" என்றார். பிறகு, எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றார்.


செப்டம்பர் 3, புதன்

வெயில். வேலை ஆரம்பம். காலை ஊதியதில் வா. 310.

வாணியை வா. என்று எழுதுவதுபோல இனி அந்த ஆளையும் நே. என்றே எழுதப்போகிறேன். முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.

ஒன்பது வருடமாக இருந்த ஏற்பாடு இது: தூசி உறிஞ்சும் மெஷினுக்குப் பக்கத்தில் பலகை இழைக்கும் என் பிளேனர், அடுத்தது அறுக்கும் என் டேபிள் சா, கடைசியில், பதினான்கு அடி சுருள் ஹோஸின் வால் முனையில், வாணியின் தேய்க்கும் மேசை. எல்லாம் நாலு இஞ்சி பிவிசி, வீட்டுக் கழிவு நீருக்குப் போடுவது. முழங்கை முழங்கையாகத் திருப்பங்கள். நானே போட்டது. போட்ட அன்று பெருமையாகக்கூட இருந்தது.

நே. மெஷினை ஓடவிட்டு வாணியின் ஹோஸ் முனையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு வாணியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வா. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கை கழுவப் போனபோது எடுத்துப் பார்த்தேன். தப்புதான்.

– மெயின் குழாய் 8 இஞ்சி. மெஷினுக்குப் பிரிவது 5 அல்லது 6. நாலு பத்தாது.
– டி ஜாயிண்ட் வேண்டாம். ஒய் ஜாயிண்ட். காற்று போகும் பக்கம் சாய்ந்து இருக்கணும்.
– ஒரே திருப்பமாகத் திருப்பாமல் இரண்டு பாதித் திருப்பம்.
– சுருள் ஹோஸ் ஒரு முழத்துக்கு மேல் கூடாது.
– ஓடாத மெஷினுக்குக் காற்றை அடைக்கும் கேட்டை மூடணும். ஆனால் எல்லாத்தையும் மூடிட்டு சின்னது ஒண்ணை மட்டும் திறந்தால் மெயினில் காற்று மந்தமாகும், தூசி உள்ளேயே படியும்.
– ஜாயிண்ட்டில் ஊசி ஓட்டைகூட விடக் கூடாது.

அடியில் தனியாக: "காற்று ஒரு சோம்பேறி – நேசன் அண்ணன்." கீழே கோடு வேறு.

அவர் சொன்னதுதான், எனக்கும் கேட்டது. "காத்து சோம்பேறி அண்ணே. சடக்குனு திருப்புனா உக்காந்துக்கும். மெதுவா கூட்டிட்டுப் போகணும்." நல்ல பேச்சுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபத்தோரு வருடத்தில் நான் சொன்ன எதையும் வாணி எழுதி வைத்ததில்லை. பாசார் சாமான் பட்டியலைத் தவிர.


செப்டம்பர் 5, வெள்ளி

பொது விடுமுறை. பட்டறை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். எட்டரைக்கு நே. லோரி வாசலில்.

"லீவு நாள்தான் அண்ணே, பாலத்துல ஜேம் இல்ல. வேலை ஓடிரும்லா."

வெள்ளிக்கிழமை, மரக்கறி. வா. சொதி வைத்திருந்தாள். சொதி. எங்கள் வீட்டில் இதுவரை அப்படி ஒரு பொருள் வந்ததில்லை. கைப்பேசியில் பார்த்துச் செய்தாளாம், சிலோன்காரர் ஆயிற்றே என்று. நே. இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார்.

"ஓம் அக்கா, எங்க வீட்டுல வைக்கிற மாதிரியே இருக்கு."

எனக்கு வெறும் தேங்காய்ப்பாலில் வெந்தயம் மிதந்த மாதிரிதான் இருந்தது. மூன்று தடவை ஊற்றிக்கொண்டேன், அவரைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று. மாலை வரை வயிறு சரியில்லை.

குடும்பம் பற்றிச் சுற்றி வளைத்து விசாரித்தேன். மனைவி பள்ளி ஆசிரியை. இரண்டு பெண்கள். தானாகவே படம் எடுத்துக் காட்டினார். நல்ல மனிதர். இதுதான் எரிச்சல். ஏதாவது கெட்ட குணம் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம்.

அவர் வாணியைக் கூட்டிக்கொண்டு ஓடப் போவதில்லை. அந்தப் பயம் எனக்குக் கிடையாது. மேசைக்குப் பின்னால் தூசியை இழுக்கும் தகர வாய் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டபோது, வா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பலகையைச் சாய்த்து, இப்படித் தேய்ப்பேன், அப்புறம் இப்படித் திருப்புவேன் என்று செய்து காட்டினாள். முகமே வேறாக இருந்தது. அந்த முகத்தை நான் கல்யாணமான புதிதில் பார்த்தது. என்னைப் பார்த்து வந்த முகம் அது. இப்போது ஒரு தகரக் குழாய்க்காரரைப் பார்த்து வருகிறது.

பொறாமைதான். எழுதிவிட்டேன். யாரும் படிக்கப்போவதில்லை.


செப்டம்பர் 8, திங்கள்

மழை மதியத்துக்கு மேல். செய்ய வேண்டியவை: மின்கட்டணம், பிளேனர் கத்தி தீட்டக் கொடுப்பது, மாமியாருக்கு மருந்து.

மேலே தகரக் குழாய் மினுமினுவென்று ஓடுகிறது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கேட். பார்க்க ஏதோ ஆஸ்பத்திரி மாதிரி.

வாணியின் மேசைக்கு இறங்கும் கடைசி இணைப்பு பாக்கி. நே. ரிவிட் கருவியை எடுத்தார். "இதை நான் போடுகிறேன்" என்றேன். ஏன் சொன்னேன்? என் மனைவியின் மேசை. அதற்குப் போகும் காற்றை இன்னொருவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டுமா?

"சரி அண்ணே. ரிவிட் போடுங்க. ஸ்க்ரூ போட்டா குட்டையா பாத்துப் போடுங்க. உள்ள முனை நீட்டுனா நூலு நாரு ஏதும் மாட்டிக்கும்."

முப்பது வருடமாக மரவேலை செய்பவனுக்கு ஸ்க்ரூ பாடம். அலமாரியில் இருந்த ஒரு இஞ்சி ஸ்க்ரூ எட்டு எடுத்து முறுக்கினேன். வேண்டுமென்றேதான். மேலே சிலிகான் பூசி, அலுமினிய டேப் சுற்றினேன். வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. தகர வாய்க்குக் கம்பி வலை ஒன்று கொடுத்தார், அதையும் நானே போடுகிறேன் என்று வாங்கி மூலையில் சாய்த்து வைத்தேன்.


செப்டம்பர் 10, புதன்

முழுதாக ஓட்டிப் பார்த்தாயிற்று. நே. சின்ன விசிறி வைத்த ஒரு மீட்டரால் ஒவ்வொரு வாயிலும் காற்றை அளந்தார். வாணியின் மேசையில் அளந்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு டிஷ்யூவைக் காட்டினார், கையிலிருந்து பறந்து போயிற்று. வா. கை தட்டினாள்.

பிற்பகல் முழுவதும் தேய்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் எப்போதும் தெரிகிற மஞ்சள் புகை இல்லை. மாலை ஊதியதில் 340.

340. நானும் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே. அரை மணி நேரம். அதற்குள் வா. நே.க்குப் போன் போட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் சொன்னபோது வெறும் எண். அவரிடம் சொன்னபோது குரலில் ஒரு துள்ளல்.

போனை வைத்த பிறகு என்னிடம், "நீங்க போட்ட ஜாயிண்ட்டும் நல்லா இருக்குங்க."

ஜாயிண்ட்டும். அந்த 'உம்' பிடிக்கவில்லை.


செப்டம்பர் 12, வெள்ளி

புதுக் குழாய்க்குப் பூஜை. கோவிலில் இருந்து ஐயருக்கு வர நேரமில்லை, நாமே செய்துகொண்டோம். எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். தூசி மெஷினுக்கு விபூதிப் பட்டைகூடப் போட்டாள் வாணி. அவள் கையால் கட்டிய சாமந்தி மாலை, நல்ல கனமானது, மேசையின் தகர வாய் மேலே குறுக்காகத் தொங்கியது. நே. குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மனைவியும் வாணியும் பத்து நிமிடத்தில் பழைய சிநேகிதிகள் மாதிரி.

கற்பூரம் காட்டியானது. எல்லோரும் வாசல் பக்கம் சுண்டல் வாங்கப் போனார்கள். "ஸ்விட்ச நீங்க போடுங்க" என்று வா. சொல்லியிருந்தாள். உள்ளே நான் மட்டும். போட்டேன்.

மாலை ஒரு பக்கம் அவிழ்ந்தது. தலையைத் தூக்கி, ஒரு பாம்பு மாதிரி தகர வாய்க்குள் நுழைந்து போய்விட்டது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் வால்கூட இல்லை. கம்பி வலை மூலையில் சாய்ந்திருக்கிறது, நான் போடாத வலை.

சிரித்துவிட்டேன். தூசி மெஷினின் பையில் போய் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். பூஜை மாலையை மெஷின் விழுங்கிவிட்டது என்றால் வா. சகுனம் அது இது என்று கலங்குவாள். யாரிடமும் சொல்லவில்லை.


செப்டம்பர் 13, சனி

வா. பட்டறையைக் கூட்டும்போது கேட்டாள்.

"என்னங்க, மாலைய எங்க?"

"குப்பையில போட்டேன்."

"வாடுறதுக்குள்ளயா?"

"ஆமா."

அரை நாள் வேலை. மாலை 325.


செப்டம்பர் 15, திங்கள்

புழுக்கம். மழை வரும் வரும் என்று வரவில்லை.

வாணியின் மேசையில் காற்று இல்லை. இருக்கிறது, பழைய ஹோஸ் அளவுக்குத்தான். மற்ற மெஷின்கள் எல்லாம் நன்றாக இழுக்கின்றன. பையைக் கழற்றி நானே பார்த்தேன். தூள், சுருள், வேறொன்றும் இல்லை. ஒரு சாமந்தி இதழ்கூட இல்லை.

அப்போதே தெரிந்துவிட்டது. மாலை என் ஸ்க்ரூக்களில் மாட்டியிருக்கிறது. எட்டு முனை. தூசி அதில் படிந்து படிந்து அடைக்கிறது.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. திறக்கப் போனேன். வா. ஏற்கனவே போன் போட்டுவிட்டாள். "நேசன் அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்களேன்." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு வந்தார். மீட்டரை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். முகம் இறங்கிப் போயிற்று. ஏணியில் ஏறி மெயினைத் தட்டிப் பார்த்தார். கேட்டைத் திறந்து மூடினார். என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க போட்ட அந்த ஜாயிண்ட்ட ஒருக்கா கழட்டிப் பாக்கலாமா?"

"சிலிகான் போட்டு ஒட்டுனது. கழட்டினா பாழாயிரும். அதுல ஒண்ணும் இல்ல. உங்க கணக்க பாருங்க."

உங்க கணக்க பாருங்க. சொல்லும்போது ஒரு இனிப்பு. சட்டை முதுகு வேர்த்து ஒட்டியிருந்தது அவருக்கு. இன்று மடிப்பு இல்லை. பார்க்க நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன்.

போகுமுன் வாசலில் வாணியோடு ஏதோ பேசினார். வா. தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். என்ன என்று கேட்கவில்லை. மாலை 315.


செப்டம்பர் 16, செவ்வாய்

விடுமுறை. வீட்டில். காலை 320, மாலை 325. வேலை இல்லாத நாளில் எண் ஏறுகிறது. அட்டையில் அது பளிச்சென்று தெரிகிறது, டாக்டருக்கும் தெரியும்.

துணி மடிக்கும்போது வா.: "அவரு பாவம், ராத்திரி பூரா கணக்கு போட்டிருப்பாரு."

அவர் பாவம். இருமுவது இவள், பாவம் அவர்.

தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு நடக்கப் போனேன். கடற்கரைச் சாலையில் நல்ல காற்று.


செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. வீட்டில் இனி மீன் இல்லை.

நே. நோட்டோடு வந்தார். வாணியிடம் போகவில்லை, நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என்மேலதான். கடைசி மெஷின், தூரம் ஜாஸ்தி, அஞ்சு இஞ்சி போட்டது தப்பு. வெள்ளிக்கிழம ஆறு இஞ்சி பைப்பு கொண்டாந்து அந்தக் கிளைய பூரா மாத்தித் தரேன். என் செலவு."

எத்தனையோ நாளாக எதிர்பார்த்த வார்த்தை. நீங்க சொன்னதுதான் சரி. வாணியின் முன்னால் வேறு. வந்ததும் நெஞ்சு நிறைந்த மாதிரி இருந்தது. பிறகு பிளேனரில் நின்றபோது ஒரே பலகையை இரண்டு தடவை இழைத்துவிட்டேன்.

அவர் கணக்கில் தப்பே இல்லை. ஐந்து இஞ்சி சரியான அளவு. பத்தாம் தேதி டிஷ்யூ பறந்ததே.

உண்மையை நான் சொல்லியிருக்கலாம். "கணக்கெல்லாம் அவருக்குத் தப்பாது, வேற என்னமோ இருக்கு" என்று வா. சாப்பிடும்போது சொன்னாள். தன் தப்பு என்று நே.யே ஒத்துக்கொண்ட பிறகும் இவள் விடவில்லை. அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை. சோற்றை வைத்துவிட்டு எழுந்தேன்.

அவசர ஆர்டர், மேடையின் முன் சட்டம் இரண்டு. முகமூடி போட்டுத் தேய்த்தாள். மாலை 300.


செப்டம்பர் 18, வியாழன்

285.

மூன்று தடவை ஊதினாள். மூன்றாவது தடவை பாதியில் இருமல் வந்து குழாய் கையிலிருந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

பட்டறையில் பத்து மணிக்கே வாசல் ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டாள். கையில் அந்தச் சட்டம், பாதி தேய்த்தது. விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். தங்கையின் போன் வந்தது. சத்தமாகப் பேசுகிறவள், எனக்கே கேட்டது.

"அக்கா, இங்க ஏர்கோன் ஸ்டோர். தூசியே கிடையாது. திங்கக்கிழமயே வான்னு சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?"

எப்போதும் வா. சிரித்து மழுப்புவாள். இன்று சொன்னாள்: "சரி. வரேன்னே வச்சுக்க. சனிக்கிழம உறுதியா சொல்றேன்."

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? நே.யைத் தோற்கடிக்க வாணியின் நெஞ்சில் தூசியை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நாலு நாளாக. எனக்கு நானே எழுதிப் பார்க்கும்போதுதான் இதன் அசிங்கம் தெரிகிறது.

நாளை காலை முதல் வேலை.


செப்டம்பர் 19, வெள்ளி

வாணியைத் தண்ணீர்மலைக் கோவிலுக்கு அனுப்பினேன். புரட்டாசி முதல் வெள்ளி, போய்விட்டு மெதுவாக வா என்றேன். ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

டேப்பைக் கிழித்து, சிலிகானை அறுத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். குழாயை இறக்கியதும் உள்ளே வழியே இல்லை. பழுப்பாக, கம்பளித் துணி மாதிரி இறுகிய ஒரு கட்டி. பிடித்து இழுத்தேன், முழு மாலையும் வந்தது. நூல் என் ஸ்க்ரூ முனைகளில் சுற்றியிருந்தது. பூக்கள் தூசியில் வேகவைத்த மாதிரி. சந்தன வாசனை இன்னும் இருந்தது. பூஜை மாலை, குப்பையில் போட மனம் வரவில்லை. பின்பக்கம் வாழை அடியில் தோண்டி மூடினேன்.

ரிவிட் அடித்தேன், எட்டு. உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். கம்பி வலையைப் போட்டேன். மெஷினைப் போட்டதும் சத்தமே மாறிவிட்டது, தொண்டை அடைப்பு போன மாதிரி.

பதினொரு மணிக்கு நே. ஆறு இஞ்சிக் குழாய்களோடு வந்தார். மீட்டரை வைத்தார். எண்ணைப் பார்த்தார். குனிந்து என் புது ரிவிட்டுகளைப் பார்த்தார். மீட்டரைப் பெட்டியில் வைத்தார்.

"மாலையா அண்ணே?"

தலையாட்டினேன்.

"திங்கக்கிழமயே எனக்கு அந்த நெனப்பு வந்துச்சு. பூஜைக்கு வந்தப்போ பாத்தேன்ல, வாய்ல தொங்குச்சு. போறப்ப அக்காகிட்ட கேட்டேன், மாலை உள்ள போயிருக்குமா, உங்க வீட்டுக்காரர் இல்லாதப்ப கழட்டிப் பாக்கட்டுமான்னு."

வாசலில் வா. தலையாட்டியது அதற்குத்தான்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

என் வாயிலும் அக்கா என்றே வந்துவிட்டது, அவ்வளவு குழப்பம்.

"வேணாம்னுட்டாங்க. 'மாலைய குப்பையில போட்டேன்னு அவரு என்கிட்ட சொன்னாரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், எங்க வீட்டுக்காரரு பொய் சொல்ல மாட்டாரு'ன்னாங்க. அதுக்கப்புறம் எப்படி அண்ணே கழட்டுறது? கணக்குலதான் தப்புன்னு நெனச்சேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. குழாய்களைத் திரும்ப லோரியில் ஏற்றினார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். ஏறி உட்கார்ந்த பிறகு, "நான் அக்காகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன்லா" என்றார்.

அவளுக்கு அவர்மேல்தான் நம்பிக்கை என்று இரண்டு வாரமாக எண்ணி எண்ணி எழுதியிருக்கிறேன். கேள்வி பதினொன்று, சொதி இரண்டு தடவை. அவர் சரியாகச் சொன்னதை என் ஒரு வார்த்தைக்காகத் தள்ளியிருக்கிறாள். நான் சொன்னதை நம்பியதால்தான் இத்தனை நாள் அந்தத் தூசியை மூச்சில் இழுத்திருக்கிறாள்.

வா. திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டாள். கையைத் தகர வாயில் வைத்தாள்.

"நேசன் அண்ணே மாத்திட்டாரா?"

"இல்ல. நான் சரி பண்ணேன்."

"பாத்தீங்களா, உங்களாலயே முடிஞ்சிருக்கு" என்று சிரித்தாள். நெற்றியில் விபூதி. நான் வெளியே போய்விட்டேன்.


செப்டம்பர் 20, சனி

விடிகாலை மழை, பிறகு வெளுத்தது. 305.

தேநீர் போட்டுக் கொடுத்து, உட்கார வைத்து, சொன்னேன். எல்லாவற்றையும். மாலை, நான் சிரித்தது, நீளமான ஸ்க்ரூ, பையைப் பார்த்தது, ஜாயிண்டைக் கழற்ற விடாதது. அந்தப் பொறாமையையும் சொன்னேன். சொல்லும்போது சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தது. அவள் தேநீரைக் குடிக்கவில்லை.

"போன சனிக்கிழம நான் கேட்டப்பவே உள்ளதான்னு தெரியுமா?"

"உள்ள போனது தெரியும். மாட்டிக்கிச்சுன்னு திங்கக்கிழமதான் தெரியும்."

"முந்தாநேத்து, நான் அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தப்ப?"

"தெரியும்."

அட்டையை எடுத்து வேலை செய்த நாட்களின் எண்களைப் பார்த்தாள். 340, 325, 315, 300, 285. விரல் ஒவ்வொன்றாக இறங்கியது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு போனை எடுத்தாள். தங்கைக்கு என்று நினைத்தேன். நே.க்கு. என் எதிரிலேயே, ஸ்பீக்கரில்.

"அண்ணே, வாணி பேசறேன். அந்த மாலை உள்ளதான் இருந்துச்சு. அவரு குப்பையில போட்டேன்னு சொன்னது வேற மாலைய. நான்தான் சரியா கேட்டுக்காம உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன். உங்க கணக்குல தப்பு இல்ல. வீணா அலைய வச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க."

அவருக்கு எல்லாம் தெரியும். அதை மட்டும் நான் இவளிடம் சொல்லியிருக்கவில்லை. "பரவாயில்ல அக்கா" என்றார். "உடம்ப பாத்துக்குங்க."

போனை வைத்தாள். எங்கள் வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார் என்று அவரிடம் சொன்னவள், அந்தப் பேச்சைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தேநீர் ஆறி ஏடு கட்டியிருந்தது. எடுத்துப் போய் ஊற்றினேன். திரும்பி வந்து, "தங்கச்சிக்கு என்ன சொல்லப்போற?" என்று கேட்டேன். "குழாய் சரியாயிருச்சே வாணி."

"ஆமா" என்றாள். "காத்து நல்லா வருது. அதுல ஒரு குறையும் இல்ல."